கசகசா இல்லாத சர்பத்

மகளுக்குத் தொண்டையில் டொன்சில் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: "புண் ஆறும் வரைக்கும் எந்த நாளிலும் இரத்தம் கசியலாம். சிவப்பு நிறத்தில் ஒன்றும் குடிக்கக் கொடுக்காதீர்கள்." சிவப்புக்கும் தொண்டைக்கும் என்ன பகையோ என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஆரையம்பதியில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பிஸ்கட், அப்பிள், திராட்சை என்று வீடு கடையாகிவிட்டது. ஒன்றையும் விழுங்க முடியாமல் மகள் முறைத்தபடி கிடந்தாள். அவளுக்காகக் கவலைப்பட்டபடியே திராட்சையை நான் தின்று முடித்தேன்.

ஒரு நாள் காலை, செட்டிபாளையத்தில் இருந்து என் மச்சாள், கணவரின் அக்கா, வந்தார். காத்தான்குடி வரைக்கும் போய் வாங்கிய சர்பத் போத்தல் கையில். கசகசா மிதக்கும் நல்ல சிவப்புச் சர்பத். நான் குசினியில் கஞ்சி வடித்துவிட்டு வருவதற்குள் மகள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டாள். வெட்டிய பிறகு அன்றுதான் சிரித்தாள். எனக்கு ஏச மனம் வரவில்லை.

சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். சிவப்பு. மச்சாளைக் கத்திக் கூப்பிட்டேன்.

"பயப்புடாத கா, நான் குடுத்த சர்பத்துதான். கசகசாவப் பாரன்," என்றார் மச்சாள். பார்த்தேன், கசகசா கிடந்தது. நிம்மதியாகத் துடைத்தேன்.

மத்தியானம் மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஆனால் தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"என்னத்த மகள் முழுங்கிறாய்?"

"தெரியாம்மா. உள்ள வந்துகொண்டே இரிக்கு."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் வாந்தி. அதுவும் சிவப்பு.

"சர்பத்துதான் கா," என்றார் மச்சாள்.

"மச்சாள், இதில கசகசா எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். செருப்புகூடப் போடாமல் சந்திக்கு ஓடி ஓட்டோவோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மகளைத் திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் இரத்தத்தை நிறுத்தினார்கள். "பிள்ளைகள் விழுங்கிவிடுவதால் வெளியே தெரியாது. பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து," என்றார் டொக்டர். மச்சாள் சுவரில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அதன் பிறகு மச்சாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. பார்க்க வருகிறவர்களின் பைகளை வாசலிலேயே திறந்து பார்த்தார். "சிவப்பா ஒண்டும் இல்லத்தானே?" எச்சில் விழுங்கினாலும் மகளை விடவில்லை. "என்னத்த முழுங்கினாய்? வாயத் திற!"

மகள் கோபத்தோடு என்னைப் பார்ப்பாள், நான் மச்சாளைத் தடுப்பேன் என்று. நான் தடுக்கவில்லை. நானும் அவளுடைய தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.