கல்யாண மண்டபத்தில் ஒரு மவ்லூது

என் கல்யாண மண்டபம் முந்தலில், சிலாபம் புத்தளம் பெரிய ரோட்டோரம் நிற்கிறது. என்னுடையது என்று நான் அழுத்திச் சொல்வது பெருமைக்காக இல்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறால் பண்ணை வைத்திருந்தார். இறாலுக்கு நோய் விழுந்து குளங்கள் காய்ந்தன. கொஞ்ச காலத்தில் அந்த மனிசரும் மௌத்தாகிவிட்டார். காணியை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் போகவில்லை. ரோட்டுப் பக்கத்துத் தென்னங்காணியில் மண்டபம் கட்டினேன். அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து கூரை போட்ட நாள் வரைக்கும் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தவள் நான். மேசன்மார் என்னைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலையைத் தொடுவார்கள்.

எனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். குர்ஆனைக் கடகடவென்று ஓதுவேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆகையால் இந்தக் கதையும் மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

மண்டபத்தில் எல்லாச் சனமும் கல்யாணம் செய்திருக்கிறது. சிங்களக் கல்யாணத்துக்கு மேளக்காரர் வந்திருக்கிறார்கள். தலவிலத் திருவிழாக் காலத்தில் அன்னம்மாள் கோயிலுக்குப் போகிற சனம் சிலாபம் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து, என் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து எழும்பிப் போகும். விடியற்காலையில் ஜெபமாலை சொல்லுவார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒரே ஆண்டவனிடம்தானே போய்ச் சேருகிறது, போகட்டும்.

நபியவர்கள் பிறந்த மாதம் வந்தால் நாங்கள் பெண்கள் பன்னிரண்டு நாள், நபியவர்களின் பிறப்பையும் புகழையும் சொல்லும் மவ்லூது ஓதுவோம். கடைசி நாள் தமாம். அன்றைக்கு ஓதி முடித்து, துஆக் கேட்டு, சஹன் என்கிற பெரிய தட்டில் சோறு வைத்து ஆறாறு பேராகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். முன்னர் இதைப் பள்ளிவாசலின் பின்பக்க அறையில்தான் வைத்தோம். நிர்வாகத்துக்குப் புதுப் பொடியன்கள் வந்தார்கள். மவ்லூது கூடாது என்று அறையைப் பூட்டி, அதற்குள் சீமெந்து மூட்டை அடுக்கினார்கள். அன்றைக்குப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொல்லிவிட்டேன்: "என்ட கல்யாண ஹோல் நிக்கிற வரைக்கும் தமாம் தவறாது." சொன்ன வாயை நான் மாற்றியதே இல்லை. அதுதான் என்னை இந்தப் பாடுபட வைத்தது.

ஓதிக் கொடுப்பது மன்னார் ராத்தா. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் விரட்டப்பட்டு வந்து, ஓலைக் கொட்டில் முகாமில் இருந்த காலத்திலேயே மவ்லூது ஓதியவள். என்னைவிட மூத்தவள் என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனாலும் ஊர் முழுக்க அவளை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

இந்த வருடம் ஓதத் தொடங்கி ஒரு கிழமை ஆகவில்லை. ஒரு பின்னேரம் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி மாத்தயா மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் வயசு. சிங்களவர், தமிழ் படித்துப் பேசுகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அம்மா, இது கல்யாண ஹோல் தானே?"

"ஓம்."

"கல்யாணம் எங்க?"

"இண்டைக்கு இல்ல."

"உள்ளுக்கு ஆள் இருக்கு."

"பொம்புளையள் மவ்லூது ஓதுறாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "வியாபார இடத்தில சமயக் கூட்டம் வைக்க ஏலாது அம்மா. மேல இருந்து சொல்லியிருக்கு. கல்யாணம், பிறந்தநாள், சாமத்தியம், பார்ட்டி. லைசன்ஸ்ல அவ்வளவுதான்."

"போன திருவிழாவுக்கு இதே ஹோல்ல ஜெபமாலை சொன்னாங்களே. நீங்களும் வந்து கோப்பி குடிச்சிட்டுப் போனீங்க."

"அது யாத்திரை போற ஆக்கள். அது டூரிசம், அம்மா."

"அப்ப நாங்களும் டூரிசம்தான். கனமூலையில இரிந்து வேன் புடிச்சு வாராங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மெட்டால் வாயை மறைத்தார். ஆனால் போகும்போது, தமாம் அன்றைக்கும் கூட்டம் நடந்தால் மண்டபத்துக்கு சீல் வைக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

உள்ளே வந்து சொன்னேன். பெண்கள் கசகசவென்று கதைத்தார்கள். மன்னார் ராத்தா மட்டும் ஓதுகிற கிதாபை மூடாமல் இருந்தாள்.

"ராத்தா, பயமில்லையா?"

"எனக்கு விரட்ட வாறவன்ட மணம் தெரியும் புள்ள. இவன் அந்த ஆள் இல்ல. இவன் சொல்லச் சொன்னதச் சொல்லிட்டுப் போறவன். நீ போய் அவனிட்டயே கேள்."

அடுத்த நாள் நல்ல சாரி உடுத்து, முக்காடு போட்டு, கந்தோருக்குப் போனேன். கந்தோரில் ஒரு குருவி இல்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் காவல்காரர், எல்லோரும் பக்கத்திலே, சபை கட்டிய புதுக் கடைத்தொகுதியின் மேல்மாடியில் என்று கை காட்டினார். படியேறிப் போனேன். கீழே மீன்கடை, கோழிக்கடை, ஃபோன் கடை; மேலே வெள்ளைத் துணி கட்டி, பிக்குமார் இருந்து பிரித் ஓதிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடிக் கடைகளைத் திறக்க முதல் ஆசி. கந்தோர் முழுக்கத் தரையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. எங்கள் மாத்தயாவும் அங்கேதான்.

என்னைக் கண்டதும் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து கதிரை போட்டாள். உட்கார்ந்தேன். ஓதுகிற இடத்தில் கதைக்கக்கூடாது. அது எங்களுக்கும் தெரியும். முடியும் மட்டும் அசையவில்லை. கையில் பிரித் நூல் கட்ட வந்தார்கள். நெஞ்சில் கை வைத்துச் சிரித்து, வேண்டாம் என்றேன். பால்சோறு கொடுத்தார்கள், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு மாத்தயாவைப் பிடித்தேன்.

"மாத்தயா, இது கடை தானே?"

"ஓம் அம்மா."

"கீழ மீன் விக்கிறாங்க."

"ஓம்."

"மேல நடந்தது சமயம் இல்லையா?"

அவர் தன் கையில் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். "இது சமயம் இல்ல அம்மா. இது... கலாச்சாரம்."

"நல்ல கலாச்சாரம். எனக்கொரு கோவமும் இல்ல. பால்சோறும் நல்லாத்தான் இரிக்கி, உப்புத்தான் கொஞ்சம் கூட. தலவிலக்காரருக்கு டூரிசம், உங்களுக்குக் கலாச்சாரம். எங்களுக்கு மட்டும் ஏன் சமயக் கூட்டம்? எங்களுக்கும் ஒரு பேர் தாங்க, நான் போறன்."

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். என்னைக் கந்தோருக்குக் கூட்டிப் போய், மேசைக்கு முன்னால் இருத்தி, "அங்க என்னதான் செய்யிறீங்க, அம்மா?" என்று கேட்டார்.

"ஓதுவம், பாடுவம், பன்னீர் தெளிப்பம், சர்பத் குடிப்பம், சாப்பிடுவம்."

"லைசன்ஸ்ல இருக்கிற பேர்தான் போடலாம். கல்யாணமா?"

"மாப்பிள்ளைக்கு எங்க போற? பிறந்தநாள் எண்டு போடுங்க."

அவருடைய பேனை நின்றது. என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நான் என் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நல்ல வளர்ப்பு.

"ஆனா அம்மா, நான் வந்து பாக்க வேணும். மேல கேட்டா சொல்லணுமே. கேக் இருக்கணும்."

அரசாங்கத்தின் கதை அப்படி முடிந்தது என்று நினைத்து வந்தால், வீட்டு வாசலில் என் தங்கச்சியின் மகன் நிற்கிறான். பள்ளிவாசலில் சீமெந்து மூட்டை அடுக்கியவர்களில் ஒருவன் அவன். நான் பஸ்ஸால் இறங்குமுன்னே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"பெரியும்மா, பிறந்தநாள் கொண்டாடக் கூடாது. மார்க்கத்தில இல்ல."

"மவ்லூது?"

"அதுவும் கூடாது."

"அப்ப நான் ரெண்டையும் ஒண்டாக்கி, கூடாதது ஒண்டோட நிப்பாட்டியிரிக்கிறன். சந்தோசப்படு."

"கேக் வெட்டினா ஊர்ல கதை வரும்."

"போன மாசம் உன்ட மகளுக்கு என்ட ஹோல்ல வெட்டினியே, ரோஸ் கலர் ஐசிங் போட்டு. அது என்ன வாப்பா?"

அவன் முகம் அந்த ஐசிங் நிறத்துக்கு வந்தது. "அது பிறந்தநாள் இல்ல, பெரியும்மா. அது... குடும்ப ஒன்றுகூடல்."

அவனும் சபைக் கந்தோரில் வேலை செய்யத் தகுதியானவன் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மன்னார் ராத்தாவிடம் கேக் என்றதும் அவள் கிதாபை மூடினாள். மண்டபத்துக்கு சீல் வைப்பார்கள் என்று சொன்னபோதும் மூடாதவள். "நான் ஓதுற சபையில மெழுகுதிரி ஊதேலா. கேக்கும் வேணாம். எங்கட உம்மாமார் வட்டிலாப்பம் வச்சாங்க, நாங்களும் வட்டிலாப்பம் வைப்பம்." கெஞ்சிப் பார்த்தேன். அவள் ஓதாவிட்டால் தமாம் இல்லை. கேக் இல்லாவிட்டால் மண்டபத்துக்குப் பூட்டு. இரண்டுக்கும் நடுவில் நான், சொன்ன வாய் மாற்றாதவள்.

தமாம் அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலுக்கு நேரே திரை கட்டியிருந்தோம். பெண்கள் சபை, ஆம்பிளை உள்ளே வர ஏலாது. சாம்பிராணிப் புகை திரைக்கு மேலால் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராத்தா ஓதிக்கொண்டு நடுப்பகுதிக்கு வரும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வெளியே போனேன். மாத்தயா வந்துவிட்டார், கையில் ஃபைலோடு.

"உள்ளுக்குப் பாக்கணும் அம்மா."

"பொம்புளையள் இரிக்கிறாங்க. ஏலா."

"பாக்காம எப்பிடி எழுதற?"

"காதால பாருங்க."

திரைக்கு வெளியே கதிரை போட்டுக் கொடுத்தேன். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே காத்திருக்கும் தகப்பன் மாதிரி உட்கார்ந்தார். உள்ளே அரபியில் ஓதுகிறார்கள். அவர் பேனையைத் திறந்தார், மூடினார்.

"கேக்?"

உள்ளே ஓடினேன். குசினியில் பெரிய வட்டத் தட்டில் வட்டிலாப்பம் அவித்து இறக்கி ஆறியிருந்தது. மேலே கஜுக்கொட்டையைத் தூவி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். கத்தியையும் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இது கேக்கா?"

"முட்டை இரிக்கி. இனிப்பு இரிக்கி. வட்டமா இரிக்கி. வெட்டினா துண்டாகும். கேக்குக்கு வேற என்ன வேணும்?"

அவர் தானே ஒரு துண்டு வெட்டினார். கொஞ்சம் நடுங்கி நின்றது, ஆனாலும் துண்டுதான். ஒரு வாய் வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தட்டின் பேரைப் பற்றி அவருக்கும் எனக்கும் இடையில் பேச்சு வரவில்லை. பாதித் துண்டு முடிந்ததும்தான் வேலை ஞாபகம் வந்தது.

"பிறந்தநாள் பாட்டு பாடணுமே, அம்மா?"

நான் என்ன சொல்வது என்று வாயைத் திறக்க, உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரகரவென்று பின்னால் போகிற சத்தம் கேட்டது. மவ்லூதில் நபியவர்கள் பிறந்ததைச் சொல்லும் இடம் வந்தால் எல்லோரும் எழும்பி நின்று ஸலாம் பாட்டுப் பாடுவோம். கிழவிகள், குமருகள், மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள், எல்லோரும் எழும்பி அடிவயிற்றிலிருந்து பாடினார்கள். திரை அந்தச் சத்தத்தில் உப்பியது. ரோட்டில் போன முச்சக்கரவண்டிக்காரன் வேகத்தைக் குறைத்தான்.

மாத்தயா தட்டும் கரண்டியுமாக எழும்பி நின்றுவிட்டார். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை.

"இதுதான் பாட்டு," என்றேன். "பிறந்த இடத்தைச் சொல்லித்தான் பாடுறாங்க. நான் உங்களுக்குப் பொய் எழுதித் தரல்ல."

பாட்டு முடிந்து, துஆவில் நாட்டுக்கு மழை கேட்டு, கடலுக்குப் போனவர்களுக்குக் கரை கேட்டு, ஆமீன் என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார். ஃபைலில் இரண்டு வரி எழுதினார். நான் சஹன் சோற்றில் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். மோட்டார் சைக்கிளில் கொழுவினார்.

மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அண்டைக்கும் இண்டைக்கும், யார்ட பிறந்தநாள் எண்டு நீங்க கேக்கவே இல்லையே?"

"கேட்டா எழுதணும் அம்மா," என்றார். "எங்கட ஊட்டுக்குப் பக்கத்திலயும் ஓதுவாங்க. சின்ன வயசில சோறு சாப்பிட்டிருக்கன்."

"நல்லது மகன். ஆனா பிரித்துக்கு ஒருத்தரும் கேக்காம இருந்து உதவி செய்யத் தேவையில்லையே."

ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டே, "வெசாக்கும் புத்தர்ட பிறந்தநாள்தான் அம்மா," என்றார், ஆறுதல் சொல்வது போல.

"ஓம். அதுக்கு ரோட்டெல்லாம் ஹோல்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, யாராவது கேட்டார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "அடுத்த வருசமும் பிறந்தநாள் வருமா?" என்றார். "பிறந்தநாள் வராத வருசம் இரிக்கிதா?" என்றேன். புத்தளம் பக்கம் போய்விட்டார்.

உள்ளே வந்தால் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தார்கள். "என்னவாம்?" என்று ராத்தா கேட்டாள்.

"சீல் இல்ல. அடுத்த வருசத்துக்கும் இப்பவே எழுதிட்ட மாதிரிதான்."

"அப்ப ஏன் இன்னும் வாசல்ல காவலுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற?" என்று ராத்தா நகர்ந்து தன் சஹனில் எனக்கு இடம் விட்டாள். "கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."