மழையில்லாத நாளில் ஒரு மில்லிமீட்டர்

மழை அளக்க நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு காலையில். கள்ளக்குறிச்சி தாலுகாவாக மட்டும் இருந்த காலம் அது. கல்வராயன் மலைமேல் இருந்த ஒரு நாற்றுப் பண்ணைக்கு எழுத்தராகப் போனேன். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் மாற்றலாகிக் கீழே இறங்கும் அவசரத்தில் இருந்தார். எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, புனலுக்கு அடியில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காட்டினார். நீரின் மேல்பரப்பு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். கண்ணைச் சரிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார்.

“யாரையும் நம்பாதீங்க மேடம். வறட்சின்னு எழுதுறதும் எழுதாததும் இந்த நம்பரத்தான் பாத்து. வறட்சின்னு எழுதக் கூடாதுன்னு நெனைக்கிறவங்க ராவோட ராவா தண்ணிய ஊத்திட்டுப் போயிடுவாங்க.”

ஐப்பசி, கார்த்திகை மழை சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. தை பிறந்து வானம் வெளுத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. மழையே பெய்யாத ஒரு நாள் காலையில் குழாயில் ஒரு மில்லிமீட்டர் நின்றது. இரண்டு நாள் கழித்து ஒன்றரை. சுற்றிலும் மண் புழுதியாகக் கிடந்தது. மானிக்குள் மட்டும் நீர்.

பண்ணையில் என்னைத் தவிர இருந்தவர்கள் காவலாளியும் அவர் மனைவியும்தான். மலையிலேயே பிறந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். விடியற்காலையில் குடத்தோடு மானியைச் சுற்றிய வேலியை ஒட்டித்தான் நடப்பாள். அதுவரை கண்ணில் படாத அந்த நடை இப்போது உறுத்தியது. காவலாளி ‘வணக்கம்ங்க’ என்று சொல்வதில்கூட ஏதோ ஒளிந்திருப்பதுபோல் பட்டது. வேலிக் கதவின் குறுக்கே ஒரு கறுப்பு நூலைக் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் நூல் அறுந்து கிடந்தது. குழாயில் ஒரு மில்லிமீட்டர். அறுத்தது ஆடா, காற்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எனக்கு அந்தச் சாட்சியே போதுமானதாக இருந்தது. கீழே உள்ள அலுவலகத்துக்குப் புகார் எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரத்தில் காவலாளியைக் கள்ளக்குறிச்சிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. விசாரணை முடியும்வரை அங்கேயே வேலை. என்ன குற்றம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. துணி மூட்டையோடு பஸ் ஏறினார்.

அவர் போன நாலாம் நாள் குழாயில் இரண்டு மில்லிமீட்டர்.

அப்படியானால் மனைவிதான் என்று முடிவு செய்தேன். மறுநாள் விடிவதற்குள் எழுந்து ஸ்வெட்டரோடு வேலிக்கு எதிரே இருந்த நாற்றுக் கொட்டகைக்குள் நின்றுகொண்டேன். பனி மூடி பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் வந்தாள். வேலியருகே குனிந்து எதையோ எடுத்தாள். பாய்ந்துபோய் எதிரில் நின்றேன். அவள் கையில் இருந்தது ஓர் அலுமினியத் தட்டு. அதில் தெளிந்த நீர்.

“இன்னா மேடம், இந்தக் குளிர்ல வந்து நிக்கிறீங்க?”

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். குரல் அதட்டலாகத்தான் வந்தது.

“கோழிக்குத் தண்ணிங்க. பண்ணைக் கொழாயில தண்ணி கம்மியாப் போச்சு. பனி புடிச்சா இந்த மரம் ஊத்திக்கினே கெடக்கும். அதான் தட்டு வெச்சிட்டுப் போவேன்.”

அண்ணாந்து பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளை மானிக்கு மேலாக நீண்டிருந்தது. பனி இலையில் தங்கித் திரண்டு, சொட்டுச் சொட்டாகப் புனலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. என் தலைமேலும் விழுந்தது.

“இந்தத் தண்ணிக்காகவா அவரக் கூட்டிக்கினு போனாங்க?” என்றாள். அவள் தட்டோடு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். ஆண்டுக்கணக்காகத் தை, மாசி முழுவதும் பூஜ்யம். அதே மரம், அதே மானி. எனக்கு முன்பு இருந்தவர்கள் நீரைக் கீழே கொட்டினார்களா, திறந்தே பார்க்கவில்லையா? எழுத்து மட்டும் மணிமணியாக இருந்தது.

அன்று மாலை நானே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனேன். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முகம் சுளித்தார். மரத்தடியில் மானி வைத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாசி முடிவதற்குள் மானியைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். காவலாளி திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லிங்க” என்றார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். வேலிக்குள் புல் வெட்ட வேண்டுமென்றால்கூட, நான் வந்து அருகில் நின்றால்தான் அவர் உள்ளே கால் வைப்பார்.