மாற்று ஆட்டக்காரரின் முழங்கால்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில் அவர் கண்டக்டர். சின்னத் தொப்பை, காதில் பேனா. எங்கள் செல்போன் கபடிக் குழுவில் அவரும் உண்டு. நிஜ ஆட்டக்காரர்களை ஆளாளுக்குப் பிரித்து எடுத்துக்கொள்வோம். அவர்கள் களத்தில் எடுக்கும் புள்ளி எங்கள் கணக்கில் சேரும். எடுத்தவரை எத்தனை வருஷமும் வைத்துக்கொள்ளலாம்.

அவரிடம் வயதான தடுப்பாட்டக்காரர் ஒருவர் இருந்தார். போன சீசன் முழுக்க மாற்று ஆளாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். எங்கள் குழுவில் கண்டக்டர்தான் கடைசி. எனக்கே பொறுக்கவில்லை.

“அவர விட்டுடுங்க. நல்ல ரைடர் ஒருத்தனத் தரேன்” என்றேன்.

“முட்டியில உறை மாட்டிக்கிட்டுத்தான் சார் உக்காந்திருக்காரு. எப்பக் கூப்புட்டாலும் எறங்கிடுவாரு. அத அவரு கழட்டுற அன்னிக்கு நானும் விட்டுடுறேன்.”

ஆட்டம் நடக்கும்போது அவர் பார்ப்பது களத்தை அல்ல, அந்த முழங்காலைத்தான். இப்படி மதிப்புப் போடுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேற்றைய ஆட்டத்தின்போது கண்டக்டர் டூட்டியில் இருந்தார்; நான் டிவியில் பார்த்தேன். கேமரா ஒரு கணம் ஓரத்து நாற்காலிகளைக் காட்டியது. அந்தத் தடுப்பாட்டக்காரரின் முழங்காலில் உறை இல்லை.

இன்று காலை டிக்கெட்டைக் கிழித்தபடியே கேட்டார்: “நேத்து நம்மாளக் காட்டுனாங்களா சார்?”

“காட்டவே இல்லீங்க.”

டிக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, “ரெடியாத்தான் இருப்பாரு” என்றார்.