வீரம்மாள் கணக்கெடுத்த வீடுகள்

வீரம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான். இருபது வருடமாக அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான்; அந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயேதான்.

கிளியனூரில் அவளுக்கு ஓட்டு வீடு, மல்லாட்டைக் கடலை போடும் ஒரு ஏக்கர் நிலம், நிலத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. மகளிர் குழுத் தலைவி. வாய் கொஞ்சம் நீளம். ரேஷன் கடைக்காரரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். மகள் கலைப்பிரியாவைக் கோலியனூரில் கட்டிக்கொடுத்த பிறகு ஓர் அறை காலியாக இருந்தது. காசநோய் ஒழிப்பு வேலைக்காக டென்மார்க்கிலிருந்து வந்த லீனா என்ற பெண்ணை ஆறு மாதம் அங்கே தங்கவைக்க முடியுமா என்று தொண்டு நிறுவனத்தார் கேட்டார்கள். "எம் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன் சார்" என்றாள். 'வீட்டில் யாருக்கும் தொற்றுநோய் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

அப்போதே அவள் புருஷன் அப்பாதுரைக்கு ஒரு மாதமாக இருமல்.

லீனா வருவதற்கு முதல் நாள், பாயும் தட்டும் சொம்பும் கொடுத்து அவரைக் கொட்டகைக்கு அனுப்பினாள். அவர் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பதாக ஊரில் சொல்லிவைத்தாள். என் நிலம் கொட்டகைக்கு அடுத்தது என்பதால் என்னிடம் மறைக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போடி" என்றேன்.

"போனா வூட்டுக்கே வந்து எல்லாரையும் டெஸ்ட் பண்ணுவாங்கக்கா. லீனா பாப்பா பயந்துடும். நம்மள நம்பி வந்து தங்கியிருக்குது. அது ஊருக்குக் கெளம்பட்டும், மறுநாளே கூட்டினு போறேன். வெறும் இருமலாக்கூட இருக்கும்."

லீனாவுக்குத் தமிழ் போதாது. அதனால் கணக்கெடுக்க வீரம்மாளும் கூடவே போனாள். "ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்காச்சும் இருமல் இருக்குதா? எடை கொறஞ்சுதா?" என்று வீடு வீடாகக் கேட்டாள். மறைத்தவர்களைக்கூடப் பேசவைத்தாள். கரும்பு வெட்டும் கூலிக்காரன் மண்ணாங்கட்டியை, "வெக்கப்பட்டுக்கினு இருந்தா உன் புள்ளைங்கள யாரு பாப்பாங்க?" என்று அதட்டி டப்பாவில் சளி துப்பவைத்தாள். அந்த டப்பாக்களைத் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோனதும் அவள்தான். மூன்றாம் மாதமே மண்ணாங்கட்டி தேறி, கரும்பு வெட்டப் போய்விட்டான்.

என் வீட்டுக்கும் வந்தார்கள். லீனா பேனாவைத் திறந்தாள். வீரம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "யக்கா, உங்க வூட்ல இருமல் யாருக்காச்சும்?"

"எங்க வூட்ல இல்ல" என்றேன். லீனா எழுதிக்கொண்டாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அடுத்தவள் குடும்ப மானம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. பாழாய்ப்போன மானம்.

வீரம்மாள் தினமும் மத்தியானம் கேப்பைக் கூழோடு கொட்டகைக்குப் போவாள். அவர் எலும்பும் தோலுமாகத் தள்ளி நின்றே வாங்கிக்கொள்வார். "பாப்பா ஒழுங்கா சாப்புடுதா?" என்று கேட்பார். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை.

ஐந்தாம் மாதம் ஒருநாள் காலை, வாய்க்கால் ஓரம் ரத்தமாகக் கக்கி விழுந்தார். களை எடுத்தவர்கள் போட்ட சத்தத்தில் ஊரே ஓடிவந்தது. லீனாவும் வந்தாள்.

"அம்மா, இவர் யார்?"

"எங்க வூட்டுக்காரரும்மா" என்றாள் வீரம்மாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு நுரையீரலும் போயிடுச்சு. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே குணமாக்கியிருக்கலாமேம்மா" என்றார். இதற்குள் லீனாவுக்குத் தமிழ் புரிய ஆரம்பித்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீரம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாப்பாவுக்கு ஒட்டியிருக்குமா சார்?"

"டெஸ்ட் பண்ணிடலாம். ஆனா ஒட்டியிருக்காது. அவரைத்தான் வெளியிலயே வச்சிருந்தீங்களே."

வீரம்மாள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் காலையில் அப்பாதுரை போய்விட்டார்.