சிறகு பழமான கதை

போன வாரம் கம்பத்தில் குமுளி ஜீப்புக்குக் காத்திருந்தேன். டிரைவர் தம்பி ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து, பானெட்டில் ஒட்டியிருந்த தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும், சட்டைகளில் அச்சடித்த காலத்து மை வாடை எங்கிருந்தோ வந்து கலந்தது. துணியைப் பார்த்தேன். நீலப் பனியன். நெஞ்சில் மஞ்சளாக ஒரு வாழைச் சீப்பு. அதை வரைந்த மகா ஓவியன் நான்தான். எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள்.

உண்மையில் நான் வரைந்தது கழுகின் சிறகு. நண்பன் பஷீரும் நானும் விளையாட்டுச் சட்டைக் கடை போட்டபோது, ‘உலகக் கம்பெனிக்கெல்லாம் சின்னம் இருக்கே, நமக்கு வேண்டாமா?’ என்று கிளப்பிவிட்டவன் நான். முழுக் கழுகு வரையக் கை வராது. அதனால் ஒரு சிறகு, அதில் ஐந்து இறகு. பொன்னிறம் கேட்டேன், மை மஞ்சளாக வந்தது. வேறு ஊரில் சிறகென்று நம்பியிருப்பார்களோ என்னவோ. நாங்கள் கடை போட்டது வாழைத்தார் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில்.

திராட்சை மண்டி வைத்திருந்த பஷீரின் அத்தா வந்து பார்த்தார்.

“சீப்பு நல்லா தெரட்சியா இருக்கேப்பா. நாழிப்பூவனா, ரஸ்தாளியா?”

“சிறகு, மாமா.”

அவர் மகன் பக்கம் திரும்பினார். “இந்தச் சிறக வச்சு எவனும் பறக்க மாட்டான். தேவதானப்பட்டி பைனல்ல ஒங்க டீம் தோத்துச்சுன்னா, ஷட்டர எறக்கிட்டு மண்டிக்கு வந்துரு.”

எங்கள் பனியனைப் போட ஒப்புக்கொண்டிருந்தது கம்பம் கபடி டீம் ஒன்றுதான். எதிர்த்து ஆடியது சின்னமனூர். எங்கள் ஆட்கள் களத்தில் இறங்கியதுமே சின்னமனூர்க்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏலே, கபடி ஆட வந்தீகளா, பழம் விக்க வந்தீகளா?”

அதற்கப்புறம் மூச்சுக்கு மூச்சு “பழம்! பழம்!” சிறகு வரைந்தவன் பறந்துபோய் சோடா வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். தண்ணீர் குடிக்க வந்த கேப்டன் செல்வம் அங்கன என்னைக் கண்டுபிடித்தார்.

“பனியனக் கழட்டிருங்கண்ணே,” என்றேன்.

“தாயம் ஆடிருக்கியால? காயி சுத்திட்டு வீடு வந்து சேந்தா என்ன சொல்லுவாக?”

“பழம்.”

“அம்புட்டுத்தான். கத்தட்டும் விடு.”

கடைசிப் பாட்டுக்கு, ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிராளி பக்கம் அவர்தான் போனார். நாங்கள் பின்தங்கியிருந்தோம். ஒருவனைத் தொட்டார், இன்னொருவனைத் தொட்டார். திரும்பும்போது மூன்றாமவன் காலைப் பிடித்தான், மிச்சப்பேர் முதுகில் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டது.

“பழம்டா!” என்று ஒரு குரல் வெடித்தது. திரும்பிப் பார்த்தால், லாரி மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தது பஷீரின் அத்தா! அப்புறம் மைதானமே பழம் பழம் என்று அலறியது.

மறுநாள் கடையில் ஒருத்தரும் சிறகு கேட்கவில்லை. சீப்புப் பனியன்தான் கேட்டார்கள். கூடலூர் முதல் உத்தமபாளையம் வரை அதுதான் பறந்தது. நானும் ஆரம்பத்திலிருந்தே வாழைப்பழம்தான் வரைந்தேன் என்று கூசாமல் சொல்லித் திரிந்தேன்.

இன்று கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பஷீர் மண்டிக்கே போய்விட்டான். கேலி பேச அவன் அத்தாவும் இல்லை. பிள்ளைகளின் நெஞ்சில் சீமைச் சின்னங்கள்.

“எங்கப்பா பனியன்ணே,” என்றார் டிரைவர். “இதப் போட்டா ஜெயிச்சுருவோம்பாரு.”

வாங்கி விரித்துப் பார்த்தேன். துணி வலையாக நைந்துவிட்டது. அத்தனை பெட்ரோலுக்கும் சீப்பிலிருந்து ஒரு பழம்கூட உதிரவில்லை.