மன்னிப்பைப் பற்றி நான் பேசிய பத்து நிமிடம்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் தத்துவத்தில் எம்.ஏ. வாங்கிய, தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஆபரேட்டர் நான் ஒருத்திதான். ஷிப்டு முடிந்து வந்து, தபால் வழியில் படித்தது. அந்தப் படிப்பால் எனக்கு நயா பைசா பிரயோஜனமில்லை. பக்கத்து மிஷினில் நின்றவளுக்குக் கெடுதல் மட்டும் செய்தது.

அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். திருப்பாச்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்க ஒரு சென்சார் உண்டு. டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் அதன் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் அழவில்லை. "ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வரட்டும்க்கா. ஒயர புடுங்கினது யாருன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்" என்று கேன்டீனில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொன்னால் சூப்பர்வைசர் வேலை போகும், கம்பெனிக்கும் வம்பு. சொல்லாவிட்டால் பழி அவள் தலையில் விழும், வேலையும் போகும்.

அந்தச் சமயம் பார்த்துப் பாதுகாப்பு வாரம் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்கதான் ஃபிலாசஃபி படிச்சவங்களாச்சேம்மா. கோபம், மன்னிப்பு பத்தி அந்தக் காலத்து ஞானிங்க சொன்னத ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. நம்ம ஆளுங்களுக்கு மனசு லேசாவும்." நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பத்து வருஷத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அன்றுதான். ஒரு நாற்காலிக்கு மயங்கினேன் என்று எழுதவே கூசுகிறது.

பேசினேன். பிரமாதமாகப் பேசினேன். கோபத்துக்கு இடமே கொடுக்காதே என்ற ரோமாபுரி ஞானிகளையும், வருஷத்தில் ஒரு நாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் சமணர்களையும், அடித்தவனிடமும் அன்பாக இருக்கச் சொன்ன பௌத்த பிக்குகளையும் அந்தத் தகர ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவளையும் சூப்பர்வைசரையும் மேடையேற்றினார்கள். அவன் கைகூப்பினான், அவள் தலையாட்டினாள், போட்டோ எடுத்தார்கள். சூட்டோடு சூடாக ஒரு கடிதத்தை நீட்டினார்கள். இடது கையால் கிறுக்கி வைத்தாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று அதில் டைப் அடித்திருந்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அவளுக்குச் சொல்லாமல் நான் முழுங்கியது நிறைய. ரோமாபுரிக்காரர்கள் கோபத்தை அடக்கச் சொன்னது பெரும்பாலும் அரசனிடமும், அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களிடமும். சாட்டை பிடித்த கைக்குச் சொன்ன புத்தியை நான் விரல் போன கைக்குச் சொன்னேன். பிக்குகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், பிடுங்கிக்கொள்ள அவர்களிடம் வேலை இல்லை. சமணர்களிடையே தப்பு செய்தவன் தானே தேடிப்போய்க் கேட்பான். கேட்டுவிட்டுக் கடிதம் நீட்ட மாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித்தான் பாஸானேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், கடிதத்தைப் படித்தார், டீ குடித்துவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் கவனக்குறைவு. அத்தாட்சி அவள் கையெழுத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"வெரல மிஷினு எடுத்துக்கிச்சு. எனக்குன்னு கோவம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அத்தையும் நீ மைக்க புடிச்சிக்கினு நைசா வாங்கி அவங்க கையில குடுத்துட்ட. இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு இங்க வந்த?"

சாத்துக்குடிப் பையை நீட்டினேன்.

"மன்னிக்க மாட்டேன். கெளம்பு" என்று கதவைச் சாத்தினாள்.

பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மேனேஜர்மேல் அல்ல, சூப்பர்வைசர்மேல் அல்ல. அவள்மேல். இவ்வளவு தூரம் வந்து கேட்டும் மன்னிக்கவில்லையே என்று.