குற்றமில்லாத அப்பா

அருளானந்தத்தின் கதைகளில் யாராவது அழுதால் உடனே மழை பிடித்துக்கொள்ளும். பதினான்கு கதை எழுதியிருந்தார். பதினொன்றில் மழை, மீதி மூன்றில் கடல் கொந்தளிப்பு. இத்தனைக்கும் மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். அங்கே ஒருத்தர் செத்துப்போனால் பேர், தேதி, இடம், தகப்பன் பேர், அவ்வளவுதான். ரிட்டயர் ஆனதும், அத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் வெள்ளைத்தாளில் கொட்டிவிட்டார் போலிருக்கிறது.

மூலக்குளத்தில் வீடு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், எழுதியதை மனைவி பிரிஸ்கில்லாவுக்குப் படித்துக் காட்டுவார். சர்க்கரை வியாதி அந்த அம்மாளின் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. ஆள் அசைவது தெரியும், எழுத்து தெரியாது. கேட்டு முடித்ததும் "நல்லா இருக்குங்க" என்பாள். பதினான்கு கதைக்கும் அதே மார்க்குதான்.

கருவடிக்குப்பத்தில் வேறு மாதிரி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, ஒருத்தர் கதையை மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். அதில் மேனகா என்று ஒருத்தி. அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவள், நாற்பது வயது இருக்கும், கையில் எப்போதும் சிவப்புப் பென்சில். "சார், உங்க ஊர்ல ஒருத்தர் கண்ணு கலங்கினா போதும், ஏரி ரொம்பிடும் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அருளானந்தமும் சிரித்தார். அடுத்த மாதம் மழையை எடுத்துவிட்டு வந்தார். மீன் விற்கிற பொம்பளை பங்குச்சாமியார் பிரசங்கம் வைப்பது போலப் பேசுகிறாள் என்றார்கள். இரண்டு நாள் காலையில் தேங்காய்த்திட்டுக்குப் போய், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்த வயசில் அப்படித் திருத்திக்கொள்கிற ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

பதினைந்தாவது கதையில்தான் எல்லாம் கெட்டது.

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணின் கதை. தரகர் பொய் சொல்கிறார், மாமியார் படுத்துகிறாள், புருஷன் அடிக்கிறான். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததும் துடித்துப்போய் விமானம் ஏறி மகளைக் கூட்டிவந்துவிடுகிறார். பிரிஸ்கில்லா கேட்டுவிட்டு, "அவ வந்துட்டா இல்ல, நல்லா இருக்குங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் சொந்த வீட்டில் மகள் திரும்பி வரவில்லை.

ரூபி அவர்களுக்கு ஒரே பெண். பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த பிரூனோவுக்குக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் எட்டு மாதத்தில், படிக்கட்டில் விழுந்துவிட்டாள் என்று பிரூனோ போன் பண்ணினான். வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. அங்கேயே அடக்கம் பண்ணி, கல்லறைப் படத்தை போனில் அனுப்பினான். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இந்த விஷயம் கருவடிக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது.

மேனகா கதையைப் படித்துவிட்டு, இந்தத் தடவை சிரிக்காமல் பேசினாள். "சார், இதுல தரகர்கிட்ட தப்பு இருக்கு, மாமியார்கிட்ட இருக்கு, அந்தப் பொண்ணுகிட்டகூட ஒரு பிடிவாதம் இருக்கு. அப்பாகிட்ட மட்டும் ஒண்ணுமே இல்ல. எழுத வர்றவங்க எல்லாரும் பண்றதுதான் இது. தனக்குப் பக்கத்துல நிக்கிற ஆள மட்டும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு நிறுத்திடுவோம். அவர் என்ன பண்ணாருன்னு எழுதுங்க சார். அது இல்லாம இது கதையே இல்ல."

அருளானந்தம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார். இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. மேனகா மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். அவள் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

அப்பா ஒன்று பண்ணியிருந்தார். அது அவருக்கும் செத்துப்போன மகளுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, பிரிஸ்கில்லா வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம் ரூபி கூப்பிட்டாள். "பப்பா, இங்க இருக்க முடியல. நான் வந்துடட்டுமா?" என்றாள். அருளானந்தம் உடனே பதில் சொன்னார். வேறு அப்பாவாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பானோ என்னவோ. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் பதிவேட்டில் பூட்டன் பேர் இருக்கிறதா, பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு ஒரு வழி கிடைக்காதா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்! ஒரே ஒரு வரிக்காக அழுதவர்களை எல்லாம் பார்த்திருக்கிறார். அந்த நேஷனாலிட்டிக் காகிதத்தின் அருமை அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்தால் ரூபியும் அதற்கு மனுப் போடலாம். "இன்னும் ஒம்பது மாசம்தாம்மா. பல்லக் கடிச்சிக்கினு இரு. காகிதம் கையில வந்துட்டா அப்பறம் நீ யாரையும் அண்டி நிக்க வேணாம்" என்றார். நல்லதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

கருவடிக்குப்பம் போவதை நிறுத்திய மூன்றாவது மாதம் திரும்ப எழுத உட்கார்ந்தார். தரகரை எடுத்தார். விமானத்தை எடுத்தார். ரூபி கூப்பிட்ட அன்றைக்கு மழை இல்லை, சுள்ளென்று வெயில், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது; அதை அப்படியே எழுதினார். தான் சொன்னதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினார். அதை எழுத நாலு நாள் ஆயிற்று. மேனகாவிடம் கொடுப்பது பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் பிரிஸ்கில்லாவுக்குப் படித்தாக வேண்டும். வழக்கத்தை விட்டால் ஏன் என்று கேட்பாள். படித்தால், மிச்சமிருக்கும் ஒருத்தியும் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம். இரண்டு வாரம் தாள் பைபிளுக்கு அடியிலேயே கிடந்தது.

"புதுசா ஒண்ணும் எழுதலியா?" என்று அவளே ஒரு மத்தியானம் கேட்டாள். எடுத்துவந்து படித்தார். கதையில் அம்மா கோயிலிலிருந்து மெழுகுவத்தியும் கையுமாக வந்து "பாப்பா கூப்ட்டாளா?" என்று கேட்கிறாள்; "கூப்ட்டா, நல்லா இருக்காளாம்" என்று அப்பா சொல்கிறார். அந்த இடத்தில் பிரிஸ்கில்லாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியைக் கேட்டது அவள்தான். அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாகச் சோறு போட்டவளும் அவள்தான்.

படித்து முடித்தார். "நல்லா இருக்குங்க" வரவில்லை.

"இது கதைதானே?" என்றாள்.

"இல்ல, பிரிசி."

திட்டுவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி அழுதிருந்தால் தேவலாம் என்றுகூட இருந்தது அவருக்கு.

"பல்லக் கடிச்சிக்கினு இருன்னு சொன்னீங்க. அவ அதுக்கு என்ன சொன்னா? போன வச்சிட்டான்னு படிச்சீங்க. சும்மாவா வச்சிட்டா?"

அருளானந்தம் தாளைக் கீழே வைத்தார். "சரி பப்பான்னா" என்றார். "அப்பறம், மம்மா இன்னிக்கு என்ன கொழம்பு வச்சாங்க, நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மீன் கொழம்புன்னேன். எனக்கும் சாப்புடணும் போல இருக்கு பப்பான்னா. அதோட வச்சிட்டா."

பிரிஸ்கில்லா எழுந்தாள். அவர் கை நீட்டியதைப் பிடிக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு உள் அறை வாசல்வரை போய் நின்றாள்.

"அத ஏன் எழுதல?"

"என்னால முடியல."

"நீங்க சொன்னத மட்டும் எழுதி வச்சிருக்கீங்க. எம் பொண்ணு பேசுனது எங்க?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எழுதுங்க. எழுதிட்டுப் படிங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, 'சரி பப்பா' என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"படிங்க" என்றாள் பிரிஸ்கில்லா.